முகாமா, ஸ்கேனா, மாவுக்கட்டா: எலும்புப்புரைக்கு ஒதுக்கிய பணத்தை எங்கே போடுவது?

கையில் இருப்பது ஒரு லட்சத்துக்கும் குறைவு. மும்பையில் மாட்டுங்கா, சயான், தாராவி, அண்டாப் ஹில், செம்பூர் என்று சிதறிக் கிடக்கும் எங்கள் முதியோர் வட்டத்தில் 200 சொச்சம் பேர், முக்கால்வாசி பெண்கள். இந்த வருடப் பொங்கல் வசூலை எலும்புப்புரைக்கு, அதாவது ஆஸ்டியோபோரோசிஸுக்குச் செலவழிக்கலாம் என்பதுவரை ஒருமனதாக முடிவாகிவிட்டது. எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் மூன்று கட்சி. குதிகாலை மெஷினில் வைத்துப் பார்க்கும் இலவச முகாம் நடத்தலாம் என்பது ஒன்று. 65 தாண்டிய எல்லோருக்கும், எலும்பு அடர்த்தியை எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடலாம் என்பது இன்னொன்று. ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களை முதலில் தேடிப் பிடித்து மருந்து தொடங்க வைக்கலாம் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறவள் என்பதால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் மற்ற இரண்டு பக்கத்து நியாயத்தையும் மறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முட்டி வலிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை. முட்டியில் தேய்வது மூட்டு. எலும்புப்புரை எலும்பின் உள்ளே நடப்பது: அடர்த்தி குறைந்து, லேசாக விழுந்தாலே உடையும்படி ஆகிவிடுவது. உடையும்வரை வலிக்காது, வீங்காது, எந்த அறிகுறியும் காட்டாது. "எனக்கு வலியே இல்லையே, எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கும் மாமிக்கும், "எனக்குத்தான் முட்டி வலி, என்னை முதல்ல பாருங்க" என்று வரிசையில் முந்தும் மாமாவுக்கும் இதுதான் பதில்.

இனி முகாம். இதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நூறு பேரைப் பார்த்துவிடலாம், ஹாலுக்கு வாடகை, காபி டிபன் தவிர நம் கையிலிருந்து பணம் போகாது, மெஷினையும் ஆளையும் பெரும்பாலும் ஏதாவது மருந்து நிறுவனமே அனுப்பி வைக்கும். செருப்பைக் கழற்றிக் குதிகாலை உள்ளே வைத்தால் சில நிமிடங்களில் ஒரு சீட்டு வந்துவிடும்: பச்சை, மஞ்சள், சிவப்பு.

சிக்கல் அந்தச் சீட்டில்தான். அந்த மெஷின் அனுப்புவது அல்ட்ராசவுண்ட் ஒலி. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த அளவுகோல், அதாவது டி-ஸ்கோர் (இளவயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் எலும்புப்புரை என்பது, டெக்ஸாவில் இடுப்பையும் முதுகுத்தண்டையும் அளந்து சொல்வதற்கானது. குதிகால் சீட்டில் மைனஸ் 2.5 என்று அச்சாகியிருந்தாலும் அது அதே மைனஸ் 2.5 இல்லை. அதை வைத்து நோய் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. மருந்து வேலை செய்கிறதா என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது. ஆபத்து அதிகமுள்ளவர்களைத் தோராயமாகப் பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். சிவப்புச் சீட்டு வாங்கியவர் கலங்கிப்போய் மறுநாளே கால்சியம் டப்பா வாங்குகிறார். பச்சை வாங்கியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார், இரண்டு வருடம் முன்னால் மணிக்கட்டு உடைந்தவராகவே இருந்தாலும். எனக்கு அதிகம் பயம் தருவது அந்தப் பச்சைச் சீட்டுதான்.

தோராயமாகப் பிரிப்பதுதான் நோக்கம் என்றால் மெஷினே தேவையில்லை. ஆசியப் பெண்களுக்கென்று 2001-ல் உருவாக்கிய ஓஸ்டா என்று ஒரு கணக்கு இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கானது. எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். மைனஸ் 4-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம், மைனஸ் 1-க்கு மேலே இருந்தால் குறைவு, நடுவில் இருந்தால் நடுத்தரம். பெருக்கலும் வேண்டாம் என்பவர்கள், வயது எடையைவிட 20-க்கு மேல் கூடுதலா என்று மட்டும் பார்த்தால் போதும். 74 வயது, 46 கிலோ என்றால் வித்தியாசம் 28. அவர் உடனே டெக்ஸா எடுக்க வேண்டியவர். 66 வயது, 68 கிலோ என்றால் அவசரமில்லை. உறுப்பினர் பட்டியலில் வயது ஏற்கெனவே இருக்கிறது. எடையைப் போனில் கேட்டால் எல்லோரும் இரண்டு கிலோ குறைத்துத்தான் சொல்வார்கள்; சொல்லட்டும், இந்தக் கணக்கில் அது எச்சரிக்கைப் பக்கம்தான் சாயும்.

டெக்ஸா கட்சிக்கு வருகிறேன். பரிசோதனை என்று பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. பத்து, பதினைந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும். ஊசி இல்லை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. 65 தாண்டிய பெண்கள் எல்லோருக்கும் எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டும் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு பரிந்துரைக்கிறது. ஆண்களைப் பொறுத்தவரை ஆதாரம் போதவில்லை என்கிறது. பரிந்துரை சரி, நம் பணப்பைக்குத்தான் சரிப்படவில்லை. தனியார் மையத்தில் ஒருவருக்கு இரண்டாயிரம் என்று வைத்தாலே 200 பேருக்கு 4 லட்சம். அப்படியே யாராவது புரவலர் கிடைத்துவிட்டாலும், ரிப்போர்ட் வந்த பிறகு என்ன? ரிப்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போய்விடும். மருந்து தொடங்கினால்தானே எலும்புக்கு லாபம்.

எல்லோரையும் சல்லடை போட்டு சலித்தால் பலன் உண்டா என்று பிரிட்டனில் பெரிய அளவில் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் வெளியான ஸ்கூப் ஆய்வு: 70 முதல் 85 வயதுவரை 12,483 பெண்கள். அவர்கள் எடுத்ததும் எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பவில்லை. ஃப்ராக்ஸ் என்னும் கேள்விப் பட்டியலால் முதலில் ஆபத்தைக் கணக்கிட்டு, அதிகம் உள்ளவர்களை மட்டும் டெக்ஸாவுக்கு அனுப்பி, தேவையானவர்களுக்கு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். இடுப்பு எலும்பு முறிவு 28 சதவீதம் குறைந்தது. எல்லா வகை முறிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இடுப்பு முறிவு குறைந்ததே பெரிய விஷயம், ஏனென்றால் படுக்கையில் தள்ளுவதும் ஆளைக் கொண்டுபோவதும் அதுதான். அந்த ஃப்ராக்ஸுக்கு இந்தியாவுக்கான கணக்கும் இருக்கிறது. போனிலேயே போட்டுப் பார்க்கலாம். வயது, எடை, உயரம், முன்பு எலும்பு முறிந்ததா, அப்பா அம்மாவில் யாருக்காவது இடுப்பு உடைந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு மாத்திரை, முடக்குவாதம் என்று கேட்டு, அடுத்த 10 வருடத்தில் முறிவு வரும் வாய்ப்பைச் சொல்லும். ஸ்கேன் அளவு இல்லாமலும் கணக்கிடும். அடிக்கடி கீழே விழுகிறீர்களா என்று மட்டும் அது கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக, சல்லடை போட்டு டெக்ஸா என்பது நல்ல வழிதான். ஆனால் இருக்கிற பணத்துக்கு அதைவிடக் குறுகலான, பலன் அதிகமான வாசல் ஒன்று இருக்கிறது.

தாராவி 90 அடி சாலைக்குப் பின்னால், செங்குத்தான இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டிய மாடி வீட்டில் ஒரு அத்தை இருக்கிறார், நெல்லைப் பக்கம். 68 வயது. மழைக்காலத்தில் குழாயடியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்து, வலது மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு மேடு, கை லேசாக ஒருபக்கம் திரும்பி நிற்கிறது, துணி பிழிய முடியவில்லை, சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். 6 வாரம் கட்டு, வலி மாத்திரை, கால்சியம் மாத்திரை, மறுபடி எக்ஸ்ரே. அவ்வளவுதான். எலும்பு ஏன் உடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தையிடம் சொன்னால், "வழுக்கி விழுந்தா யாருக்குத்தான் ஒடையாது தாயி?" என்கிறார். நின்ற உயரத்திலிருந்து விழுந்தால் நல்ல எலும்பு உடையக்கூடாது அத்தை என்பதைப் புரியவைக்க அன்றைக்குப் பயிற்சி நேரம் பாதி போனது.

இந்த அத்தைக்கு அடுத்த முறிவு வரும் வாய்ப்பு, முறிவே காணாதவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதுகெலும்பு அமுங்கியவர் என்றால் இன்னும் மோசம்: ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள்ளேயே இன்னொரு முதுகெலும்புக் கட்டை அமுங்கிவிடுகிறது. இடுப்பு உடைந்து வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதற்கு முன்பே வேறு ஏதாவது எலும்பு உடைந்திருக்கும். அந்த முதல் முறிவில் யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால் என்ற எண்ணத்தில்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1990-களின் கடைசியில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். எலும்பு முறிந்து வரும் 50 வயது தாண்டிய எவரையும் ஒரு நர்ஸ் பட்டியலில் எழுதி, ஸ்கேனுக்கு அனுப்பி, மருந்து தொடங்கி, விடாமல் சாப்பிடுகிறார்களா என்று பின்தொடர்வார். எலும்பு டாக்டர் கட்டுப் போடுவதோடு முடித்துக்கொள்வார், குடும்ப டாக்டர் அது எலும்பு டாக்டர் வேலை என்பார்; இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை அந்த ஒரு நர்ஸ் அடைத்தார். சர்வதேச ஆஸ்டியோபோரோசிஸ் ஃபவுண்டேஷன் 2012 முதல் இதை உலகம் முழுக்கப் பரப்பி வருகிறது. நமக்கு நர்ஸ் இல்லை. ஆனால் அந்த வேலையில் முக்கால்வாசி போன் பேசுவதும் கூடப் போவதும்தான்.

யாரைத் தேடுவது? 50 வயதுக்குப் பிறகு, சும்மா தரையில் விழுந்து மணிக்கட்டு, தோள், இடுப்பு, முதுகு எதையாவது உடைத்துக்கொண்டவர்களை. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். "முதுகு பிடிச்சுக்கிச்சு, தைலம் தேச்சேன்" என்ற கதையில் மறைந்திருக்கும். அதற்கு வேறு அடையாளங்கள் பார்க்க வேண்டும். இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறாரா? சுவரில் முதுகும் குதிகாலும் ஒட்ட நின்றால் பின்னந்தலை சுவரைத் தொடுகிறதா? நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பார்ப்பது நைட்டியின் கீழ்விளிம்பை. பின்பக்கம் ஏறி, முன்பக்கம் தரையில் புரண்டால் முதுகு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். முன்பு எதற்கோ எடுத்த மார்பு எக்ஸ்ரேயைப் பக்கவாட்டில் எடுத்திருந்தால், அதிலேயே அமுங்கிய கட்டை தெரியலாம். டாக்டரிடம் காட்டினால் போதும்.

செலவும் இங்கே கட்டுக்குள் நிற்கிறது. 200 பேரில் இப்படி 25, 30 பேர் தேறலாம் என்பது என் ஊகம். இடுப்போ முதுகெலும்போ இப்படி உடைந்தவருக்கு டி-ஸ்கோர் எதுவாக இருந்தாலும் எலும்புப்புரை என்றே வைத்து மருந்து தொடங்கலாம் என்பது மருத்துவ வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது. ஆகவே சிலருக்கு ஸ்கேன் இல்லாமலும் ஓடும். ரத்தப் பரிசோதனையை மட்டும் விடக்கூடாது: கால்சியம், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு, ரத்த எண்ணிக்கை. எலும்பு பலவீனத்துக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும்; சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

அரசு காப்பீடு உதவாதா என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 2024 அக்டோபர் முதல் 70 தாண்டிய எல்லோருக்கும், வருமானம் எதுவானாலும், ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை உண்டு. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம்வரை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்தால் கிடைக்கும் பணம். இடுப்பு உடைந்து ஆபரேஷன் என்றால் கிடைக்கும். உடையாமல் இருக்க வெளிநோயாளியாகப் போய் எடுக்கும் ஸ்கேனுக்கும், வாரம் ஒரு மாத்திரைக்கும் கிடைக்காது. நம் சின்னத் தொகைக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

மருந்து விஷயத்துக்கு வருவோம். எதைக் கொடுப்பது என்பது டாக்டர் முடிவு. எது நம் வீடுகளில் நிலைத்து நடக்கும் என்பதை நாம் டாக்டரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மலிவானது அலென்ட்ரோனேட், வாரம் ஒரு 70 மில்லிகிராம் மாத்திரை. முதுகெலும்பு முறிவையும் இடுப்பு முறிவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக 1996-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் சாப்பிடும் விதம் கறாரானது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். அதுவரை வேறு மாத்திரை, பால், முக்கியமாகக் காபி கூடாது. கண் விழித்ததும் ஃபில்டரைத் தேடும் மாட்டுங்கா மாமிகளுக்கு இது சோதனைதான். காபியோடு விழுங்கினால் ஏற்கெனவே சொற்பமாக உடலில் சேரும் மருந்து அதுவும் சேராது. முதுகு வளைந்து நிமிர முடியாதவர்கள், உணவுக்குழாயில் கோளாறு உள்ளவர்கள், நெஞ்செரிச்சலோடு போராடுகிறவர்களுக்கு இது சரிவராது. நெஞ்சு எரிகிறது என்று இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அதனால்தான் ஜோலெட்ரோனிக் அமிலத்தின் மேல் எனக்குச் சாய்வு. வருடம் ஒருமுறை 5 மில்லிகிராம், ட்ரிப்ஸாக, 15 நிமிடத்துக்குக் குறையாமல். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய். 2007-ல் வந்த ஆய்வில் மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு, இடுப்பு ஆபரேஷன் முடிந்த 90 நாளுக்குள் இதைத் தொடங்கியவர்களிடம் இறப்பே 28 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. முதல் முறை போட்ட இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாராசிட்டமால் போட்டுச் சமாளித்துக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் அடுத்த வருடம் வரமாட்டார்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே போட வேண்டும். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே என்றால் இதுவும் அலென்ட்ரோனேட்டும் கூடாது.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு பயம் உலவுகிறது: தாடை எலும்பு செத்துவிடும், தொடை எலும்பு தானாக உடையும் என்று. இரண்டும் உண்மையான பக்கவிளைவுகள், ஆனால் அபூர்வம். மருந்து தடுக்கும் முறிவுகளோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலில் முடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நல்லபடியாக இருப்பவர்களுக்கு மாத்திரை என்றால் 5 வருடம், ட்ரிப்ஸ் என்றால் 3 வருடம் கழித்து நிறுத்தி வைப்பதைப் பற்றி டாக்டரே பேசுவார்.

நம்மவர்களுக்கு நான் யோசித்துத்தான் சொல்லும் மருந்து டெனோசுமாப் ஊசி. மருந்து நல்ல மருந்து. 6 மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் 60 மில்லிகிராம், வலியில்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கால்சியத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு போடலாம். ஆனால் தேதி தவறினால் சேர்த்த பலன் வேகமாகக் கரைந்து, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்கும் ஆபத்து உண்டு. நிறுத்துவதென்றால் அதன்பின் ஜோலெட்ரோனிக் போன்ற ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். நம் பெரியவர்கள் வாழ்க்கை எப்படி? நான்கு மாதம் செம்பூரில் மகன் வீடு, மூன்று மாதம் சென்னையில் மகள் வீடு, கோயில் கொடை என்றால் ஊர். மும்பையில் முதல் ஊசி, இரண்டாவது ஊசி நாளில் ஆள் திருச்செந்தூரில்; சீட்டு இங்கே மேஜை இழுப்பறையில். ஒரே இடத்தில் இருந்து, தேதியைக் கவனிக்க வீட்டில் ஆள் உள்ளவர்களுக்கு மட்டும் இது.

டெரிபாரடைட் வேறு ரகம்; தேயாமல் தடுப்பதைவிட எலும்பைப் புதிதாகக் கட்டுவது. தினம் ஒரு ஊசி, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், இரண்டு வருடம்வரை, விலையும் மேலே. முதுகெலும்பு பல இடங்களில் அமுங்கியவர்களுக்கு இது முதல் தேர்வாகக்கூட இருக்கலாம். நம் நிதியில் அதைத் தாங்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கால்சியமும் வைட்டமின் டியும் மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் ஆகாது. கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு அருகில் கால்சியம் இருக்கிறது, பால் தயிரும் இருக்கிறது. மீதியை மாத்திரையில் ஈடுகட்டலாம். 60,000 யூனிட் வைட்டமின் டி சாஷேயைப் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று மாதக்கணக்கில் தொடர்வது மட்டும் வேண்டாம். வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த 2010-ம் ஆண்டு ஆய்வில் விழுவதும் உடைவதும் கூடத்தான் செய்தன.

என் தொழில் சார்ந்து ஒன்று. ஃபைவ் கார்டன்ஸில் காலை நடை போகிறவர்கள் நடையே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது, தொடையில் பலமும் நிலைதடுமாறாத பயிற்சியும் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரப் பாருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலவீனம். முதுகெலும்பு அமுங்கியவர்கள் குனிந்து காலைத் தொடும் யோகாசனத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாத்ரூமில் கைப்பிடி, கண்புரை ஆபரேஷன், தூக்க மாத்திரையைக் குறைப்பது: இவற்றுக்கு எந்தக் கட்சியும் எதிர்ப்புச் சொல்லாது என்று நம்புகிறேன்.

ஆண்களை மறந்துவிட்டதாக யாரும் கோபிக்க வேண்டாம். இடுப்பு உடைந்த ஆண்கள் பெண்களைவிட அதிகம் இறக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களும், ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போடுகிறவர்களும் எலும்பு உடைந்திருக்காவிட்டாலும் நம் பட்டியலில் வர வேண்டும்.

ஆகவே நான் கொண்டுவரும் தீர்மானம் இது. முகாம் வேண்டாம். நிதியில் பெரும்பகுதி, முறிவு கண்டவர்களின் ரத்தப் பரிசோதனைக்கும், தேவைப்பட்டால் டெக்ஸாவுக்கும், வசதியில்லாதவர்களின் முதல் வருட மருந்துக்கும். மீதி இருந்தால் ஓஸ்டா கணக்கில் 20-ஐத் தாண்டியவர்களுக்கு ஸ்கேன், வித்தியாசம் அதிகமுள்ளவர் முதலில். எந்த மருந்து தொடங்கினாலும் அடுத்த தவணைத் தேதியை வட்டத்தின் நோட்டில் எழுதி, ஒரு மாதம் முன்னால் போன் செய்ய ஓர் ஆள். உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்குப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ஃபிலிம், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரவேண்டும்.

தாராவிக்கும் சயானுக்கும் கூடப் போக ஆள் ஒப்புக்கொண்டாயிற்று. செம்பூருக்கும் அண்டாப் ஹில்லுக்கும் இன்னும் இல்லை. ஓபிடி கவுண்டரில் மராத்தியில் பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. மாதத்தில் இரண்டு காலைப்பொழுது ஒதுக்கினால் போதும்.